மேகமாக இருக்கிறது என்றேன்

என் அம்மா வளர்த்த ஜிமிக்கிப் பூச்செடிகளைக் காட்டெருமை மிதித்து அழிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வேலிக்குள் காட்டெருமை வரவே இல்லை. செடிகள் பனியில் கருகின. கருக விட்டவன் நான். கருகியவற்றை வேரோடு பிடுங்கி ஓடைச் சரிவில் கொண்டுபோய்க் கொட்டியவனும் நான். அம்மாவிடமும் அக்காவிடமும் பக்கத்து வீடுகளிலும் காட்டெருமை என்று சொன்னேன். ஊட்டியில் அது நடக்கிற விஷயம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. அந்தப் பொய்யால் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு மலைக் குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே மார்கழியும் தையும் தோட்டக்காரருக்கு நல்ல மாதங்கள். தக்காளியும் அவரையும் காய்க்கும், சாமந்தி பூக்கும். மேலே அப்படியில்லை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்கு மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. நவம்பர் பாதியில் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் எந்த இரவும் அது வரலாம். தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் விடிகாலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதைக் கையில் அள்ளிப் படம் எடுத்துக்கொள்வார்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

பனி விழுகிறது என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் அது மேலிருந்து விழுவதில்லை. பகலில் வெயில் வாங்கிய மண் இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். காற்று வீசினால் மேலே இருக்கும் கொஞ்சம் கதகதப்பான காற்று கீழே கலக்கும். மேகமும் இல்லாமல் காற்றும் இல்லாமல் நட்சத்திரம் துல்லியமாகத் தெரிகிற இரவில்தான் தரையும் இலையும் உறையும் அளவுக்குக் குளிர்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதனால்தான் ஒரே தோட்டத்தில் மேல் பாத்தி பிழைத்து, கீழ்ப் பாத்தி கருகுகிறது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் திசு சிதைகிறது. காலை வெயில் நேராகப் பட்டு அது சட்டென்று உருகும்போது சேதம் இன்னும் கூடுகிறது. பத்து மணிக்குள் இலை துவண்டு கறுத்துவிடும்.

எங்கள் வீடு எல்க்ஹில் சரிவின் அடிப்பக்கம். பின்னால் சின்ன ஓடை. ஆகவே எங்கள் கீழ்ப் பாத்திதான் அந்தச் சுற்றுவட்டாரத்துக் குளிர் முழுக்க வந்து தங்கும் இடம். அந்தப் பாத்தியில்தான் அம்மா ஜிமிக்கிப் பூவை வைத்திருந்தார். ஃபுக்சியா என்பது அதன் பெயர். சிவப்பும் ஊதாவுமாகத் தலைகீழாகத் தொங்கும் பூ. அதனால் எங்கள் வீட்டில் அதற்கு ஜிமிக்கி என்றே பெயராகிவிட்டது. ஓடை ஈரமும் மதியத்துக்கு மேல் நிழலும் அதற்குப் பிடிக்கும் என்பதால் அந்த இடம். பனிக்கு மோசமான இடம் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தே வைத்தார், ஏனென்றால் பனிக்காலத்தில் அதைப் பார்த்துக்கொள்ள அவர் இருந்தார்.

அம்மா கோபிச்செட்டிபாளையம் பக்கம். கல்யாணமாகி மலை ஏறியபோது வாழையும் மஞ்சளும் மட்டும் தெரிந்தவர். பனிக்கால வேலைகளை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் பூங்கா 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் வந்து உருவாக்கத் தொடங்கியது. இன்றைக்கும் அங்கே பனி தொடங்கியதும் கோத்தகிரி மிலார் தழையை வெட்டிவந்து அலங்காரச் செடிகளுக்குக் குடிசை போல மூடி வைப்பார்கள். விடிந்ததும் தண்ணீர் தெளிப்பார்கள். அம்மா வீட்டில் செய்ததும் அதேதான், சின்ன அளவில். மிலாருக்குப் பதில் ஓடைக்கரையில் கிடைத்த தாகைத் தழை.

அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன். மண்ணுக்கு மதியத்தில் தண்ணீர் விடுவார், சாயங்காலத்தில் விடமாட்டார். ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைத்திருந்து இரவில் மெதுவாக விடும். காய்ந்த மண் சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஆனால் இலையில் ஈரம் நிற்கக் கூடாது. நாலு மணி வாக்கில், வெயில் இறங்கும் முன், பாத்தியைச் சுற்றிக் குச்சி நட்டு அதன்மேல் தாகையைப் பரப்புவார். தழை இலையைத் தொடக் கூடாது. தொட்டால் தொட்ட இடம் கருகும். இருட்டிய பிறகு மூடினால் பயன் குறைவு, மண்ணிலிருந்த சூட்டில் பாதி அதற்குள் போயிருக்கும். காலையில் அதை விலக்கியாக வேண்டும். விலக்காமல் விட்டால் மண் பகல் வெயிலை வாங்காது, அடுத்த இரவுக்குச் சேமிப்பே இருக்காது. ஜெரேனியம், பிகோனியா தொட்டிகளை எல்லாம் தாழ்வாரத்துக்கு ஏற்றிவிடுவார். பிறகு விடிகாலை. கீழ்ப் பாத்தியில் வெயில் படுவதற்கு முன்னால், பூவாளியால் இலைமேல் படிந்த உறைபனியைக் கழுவிவிட வேண்டும். அதற்கு ஐந்தரை மணிக்கு எழ வேண்டும். ஸ்வெட்டர், அதன்மேல் அப்பாவின் பழைய கோட்டு, தலையில் மஃப்ளர், கையில் பூவாளி. நான் கம்பளிக்குள் இருந்தபடி அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைப் பல வருடம் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் எழுந்துபோய் அந்த வாளியை வாங்கியதில்லை.

இவை தினசரி வேலைகள். இவற்றோடு மாதத்துக்கு உரியவையும் உண்டு. டேலியாத் தண்டு முதல் பனியில் கறுத்ததும் அடியோடு வெட்டி, கிழங்கைத் தோண்டி, காயவைத்து, மணல் போட்ட மரப்பெட்டியில் வைப்பார். பிளம்ஸ், பீச் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது உள்பக்கம் வளர்ந்த கிளைகளை எடுப்பார். ஜனவரியில் ரோஜாவுக்குக் கவாத்து. வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரு வெட்டு. வெட்டுவாயில் தாமிரப் பசை. அதே மாதம் பான்சி, பெட்டூனியா, டாக் பிளவர் விதைகளைத் தட்டில் போட்டு ஜன்னல் ஓரத்தில் வைப்பார். இந்த நாற்றுகள்தான் ஏப்ரல், மே மாதங்களில் பூப்பவை. ஹைட்ராஞ்சியாவை மட்டும் தொடவே மாட்டார். காய்ந்து பழுப்பாகிப் போன பூங்கொத்துகள் பார்க்க அசிங்கமாகத் தொங்கும். இருந்தாலும் பனி முடியும்வரை அவை செடியிலேயே இருக்க வேண்டும். அடுத்த பருவத்து மொட்டு அந்தப் பழைய தண்டின் நுனியில்தான் இருக்கிறது, காய்ந்த கொத்துதான் அதற்கு மறைவு.

ஹைட்ராஞ்சியாவைப் பற்றி இன்னொன்று. நீலகிரி மண் புளிப்பு மண். புளிப்பு மண்ணில் அலுமினியச் சத்து வேருக்குக் கிடைக்கும், அதனால் பூ நீலமாக வரும். சுண்ணாம்பு போட்டால் இளஞ்சிவப்பாக மாறும். காய்கறிப் பாத்திக்குச் சுண்ணாம்பு தூவும்போது அம்மா ஹைட்ராஞ்சியாப் பக்கம் மட்டும் தூவாமல் விடுவார். அவருக்கு அந்த நீலம் வேண்டும்.

இந்த வேலைகளெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்த தவறு என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

மே மாத மலர்க்காட்சியையொட்டி ஊட்டியில் தோட்டப் போட்டியும் நடக்கும். வீட்டுத் தோட்டங்களும் கலந்துகொள்ளலாம். வந்து பார்த்துப் பரிசு தருவார்கள். எங்கள் தோட்டத்துக்குப் பரிசு கிடைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் இருந்தது என் பெயர், சான்றிதழில் இருப்பதும் என் பெயர்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் பாரத்தை நான் பூர்த்தி செய்ததால் என் பெயரையே எழுதினேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி விளக்கியது நான். அம்மா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். அந்த மே மாதத்துப் பேச்சுக்காகவே அம்மாவின் வேலைகள் ஒவ்வொன்றையும் நான் தெரிந்து வைத்திருந்தேன். அலுவலகத்தில் என்னைத் தோட்டக்காரர் என்று மரியாதையாகச் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு கூடிவந்தது. குளிரில் ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவார். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் கீழே இருக்கச் சொல்லுங்கள் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறார், பிரச்சினை இல்லை. அம்மாவுக்குத்தான் தோட்டத்தை விட்டுப் போக மனசில்லை. என் மனைவி சொன்னார்: "அத்தை, நீங்க போயிட்டு வாங்க, காலைல நான் தண்ணி ஊத்திக்கறேன்." அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கே விழுந்து, தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இதை இப்போது யோசித்தால், அக்கறையினால் சொன்னதில்லை. எல்லோரும் என்னுடையது என்று நினைத்த தோட்டத்தில் இன்னொருவர் கை படுவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் வாரம் எல்லாம் செய்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வரத் தாமதமானது. வெயில் இறங்கிவிட்டது, தாகை வெட்டியும் வைக்கவில்லை. ஏழு மணிக்கு அம்மா போன் செய்தார்.

"கண்ணு, வானம் எப்படி இருக்குது?"

அம்மா தினமும் முதலில் கேட்பது இதைத்தான். சாப்பிட்டாயா என்பதுகூட அதற்கு அப்புறம். மேகம் இருக்கிறது என்றால் அன்றைக்குப் பனி பயம் இல்லை, அவர் வேறு பேச்சுக்குப் போவார். தெளிவாக இருக்கிறது என்றால் மூடினாயா, தொட்டியை ஏற்றினாயா, எத்தனை மணிக்கு எழுவாய் என்று வரிசையாகக் கேட்பார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்க்ஹில்லுக்கு மேலே நட்சத்திரங்கள் எண்ணலாம் போல இருந்தன.

"மேகமா இருக்குதும்மா," என்றேன்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர் அவ்வளவு தூரம் இறங்கவில்லை. அது ஒரு விதத்தில் கெடுதலாகப் போயிற்று. மூடாவிட்டாலும் செடி சாவதில்லை, அம்மா அதிகமாகப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் தாமதம் ஆகாத நாளிலும் மேகம் என்று சொல்ல ஆரம்பித்தேன். வேலை பெரிதில்லை. சாயங்காலம் கால்மணி நேரம், காலையில் கால்மணி நேரம். விரல் விறைக்கும் குளிரில் கம்பளியை விட்டு எழ வேண்டும் என்பதுதான் எனக்கு முடியாமல் போனது. பனிக்காலத் தோட்டத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பூ இல்லை, வந்து பாராட்டுபவர்கள் இல்லை. கறுத்த தண்டும் வெறும் மண்ணும்தான். பூ இல்லாத செடிமேல் எனக்குப் பிரியம் இல்லை என்பதை அந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

விடிகாலை எழாமல் இருப்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். காலையில் இலையைக் கழுவுவதற்குப் பதிலாக முந்தின நாள் ராத்திரி படுக்கும் முன்னாலேயே தண்ணீர் தெளித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. செய்தேன். அதைவிட மோசமான காரியம் வேறில்லை. இரவு முழுக்க நிறுத்தாமல் தெளித்துக்கொண்டே இருந்தால் வேறு கதை. தண்ணீர் உறையும்போது வெளிவரும் சூடு இலையைக் காக்கும், பெரிய பண்ணைகளில் அப்படிச் செய்வதுண்டு. ஒரு தரம் நனைத்துவிட்டுப் போய்ப் படுத்தால், அந்த ஈரம் ஆவியாகும்போது இலையை இன்னும் குளிர வைக்கும், மிச்சம் இலைமேலேயே உறையும். மறுநாள் எட்டு மணிக்கு எழுந்துபோய்ப் பார்த்தபோது கீழ்ப் பாத்தியில் வெயில் ஏறியிருந்தது. இலைகளில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அலுவலகம் போய்விட்டுச் சாயங்காலம் வந்தால் ஜிமிக்கிச் செடிகள் அத்தனையும் கறுப்பு. தாழ்வாரத்துக்கு ஏற்றாமல் படியிலேயே விட்டிருந்த பிகோனியாவும் கூழாகி இருந்தது.

அன்றைக்கு ராத்திரியும் போன் வந்தது. மேகமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு செய்தவை எல்லாம் மூடி மறைக்கும் வேலை. தோட்டத்தில் ஏதோ செய்திருக்கிறேன் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, அசிங்கமாகத் தொங்கிய ஹைட்ராஞ்சியாக் கொத்துகளை எல்லாம் டிசம்பர் கடைசியில் வெட்டிச் சுத்தம் செய்தேன். கூடாது என்று தெரியும். மொட்டும் சேர்ந்து போயிற்று. அடுத்த மே மாதம் அந்த வரிசை முழுக்க வெறும் இலையாக நின்றது. ரோஜாவை விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்துச் சரிவில்தான் அரசு ரோஜாப் பூங்கா இருக்கிறது. 1995இல் நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக அமைத்தது. ஜனவரியில் அங்கே கவாத்து நடக்கிறது, வேலையாட்கள் வரிசையாகக் குனிந்து வெட்டிக்கொண்டு போகிறார்கள். அலுவலகம் போகிற வழியில் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் பூ. நான் மார்ச்சில், அம்மா வரப்போகிறார் என்ற பயத்தில் வெட்டினேன். மொட்டு ஜூனில்தான் வந்தது. தென்மேற்கு மழை பிடித்து, மொட்டு விரியும் முன்பே இதழ் ஒட்டிக்கொண்டு அழுகிப்போயிற்று.

ஜிமிக்கிச் செடிகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. கறுத்த குச்சிகள் வரிசையாக நின்றன. யார் பார்த்தாலும் பனிக்கருகல் என்று தெரியும். மேகம் இருந்த இரவுகளில் எப்படிக் கருகியது என்று அம்மா கேட்பார். ஆகவே மனைவி ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கினேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். வேர் சுலபமாக வரவில்லை. மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தது. கடப்பாறை வைத்து நெம்பி எடுத்தேன். செத்த செடி அப்படிப் பிடித்துக்கொண்டிருக்காது. கையில் அது தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. ஓடைச் சரிவில் கொட்டினேன். பாத்தியைக் காலால் மிதித்துக் கலைத்தேன்.

காட்டெருமை என்று மனைவியிடம் முதலில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மார்ச் பாதியில் அம்மா வந்தார். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு நேராகக் கீழ்ப் பாத்திக்குப் போனார். வேலியைப் பார்த்தார், ஒரு கம்பிகூட வளையவில்லை. அதைப் பற்றிக் கேட்கவில்லை. மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தார்.

"வேர் ஒண்ணுகூட இல்லையா கண்ணு?"

"எல்லாத்தையும் பேத்துப் போட்டிருச்சும்மா."

"மேல தின்னாலும் மிதிச்சாலும் வேர் இருந்தா துளிர்த்திரும். பனில முழுசா கருகினாக்கூட இது அடியிலிருந்து வந்திரும். மார்ச்சு கழியற வரைக்கும் தொடவே கூடாது." சொல்லிவிட்டுத் திண்ணையோரம் கறுத்து நின்ற ஒரு ஜெரேனியத்தைக் கையில் எடுத்தார். அதை நான் தூக்கிப்போட மறந்திருந்தேன். தண்டின் அடியில் நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை இருந்தது. "பாரு, உசிரு இருக்குது," என்றார். அந்த ஜெரேனியம் அந்த மாதமே துளிர்த்தது. நான் பிடுங்கி எறிந்தவற்றிலும் அப்படிப் பச்சை இருந்திருக்கும். பனி அவற்றைக் கொல்லவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு பாத்திச் செடி போனது, அவ்வளவுதான் என்று காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் அம்மா என்மேல் ஒரு குற்றமும் சொல்லாமல், தன்மேல் சொல்லிக்கொண்டார். "நான் போயிருக்கக் கூடாது. நீ வேலைக்குப் போறவன், ராத்திரி வேலிய யாரு பார்ப்பா? ஆள் நடமாட்டம் இருந்தா அது உள்ள வராது." அடுத்த டிசம்பரில் அக்கா அழைத்தபோது போக மறுத்துவிட்டார். நான் எவ்வளவோ சொன்னேன். காட்டெருமை வரும் என்றார். நான் உண்டாக்கிய காட்டெருமைக்காக அறுபத்தெட்டு வயதில், மூச்சிரைப்போடு, ஊட்டிக் குளிரில் அந்தப் பனிக்காலம் முழுக்க இருக்க முடிவு செய்தார். விடிகாலையில் பழையபடி பூவாளிச் சத்தம் கேட்டது. அப்போதாவது நான் எழுந்தேன் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். சில நாள் எழுந்தேன். பல நாள் எழவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு அடைத்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. இங்கே முதலுதவி செய்து, ஆக்ஸிஜன் வைத்துக் குன்னூர் வழியாகக் கீழே இறக்கினோம். அந்த மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அம்மாவின் தலையை என் தோளில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேட்டுப்பாளையம் தாண்டியதும் காற்று கதகதப்பாக வந்தது, மூச்சு கொஞ்சம் சீரானது. போன டிசம்பரிலேயே இந்தக் காற்றில் அவர் இருந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் சொன்னேன். காட்டெருமை வரவில்லை, பனியில் கருகியது, நான் மூடவில்லை, வேரோடு பிடுங்கியதும் நான். அக்காவும் பக்கத்தில் இருந்தார். அக்கா திட்டினார், அது எனக்குத் தாங்க முடிந்தது. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அப்ப, மேகம்னு சொன்னதெல்லாம்?"

"பொய்ம்மா."

"நீ மேகம்னு சொன்ன அன்னைக்கெல்லாம் நான் நிம்மதியாத் தூங்கினேன் கண்ணு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததும் இல்லை. மன்னித்தாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

அம்மா இப்போது பனிக்காலத்தில் கோயம்புத்தூரில் இருக்கிறார். இனி நான் ஒழுங்காகச் செய்வேன் என்று இங்கே வாக்குக் கொடுக்கப் போவதில்லை, முன்பு கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன். தோட்டம் இப்போது என் மனைவியின் பொறுப்பு. அவர் சொல்கிற வேலையை நான் செய்கிறேன். தாகை வெட்டி வருவது, தொட்டி ஏற்றுவது, கவாத்துக் கழிவை அள்ளுவது. காலையில் இருவரில் யார் முதலில் எழுகிறோமோ அவர் பூவாளியை எடுப்பது என்று ஏற்பாடு. பெரும்பாலும் அவர்தான் எழுகிறார். சாயங்காலம் அம்மாவின் போன் என் எண்ணுக்கு வருவதில்லை, மனைவியின் எண்ணுக்கு வருகிறது. வானம் எப்படி இருக்கிறது என்று அவரிடம்தான் கேட்கிறார். பக்கத்து அறையில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். தோட்டப் போட்டிக்கு இனி விண்ணப்பித்தால் அம்மா பெயரில் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றிவிட்டேன்.

ஜிமிக்கிப் பூவுக்குப் புதுக் குச்சி ஒருவரிடம் கேட்டு வாங்கி மனைவி நட்டிருக்கிறார். அம்மா வைத்திருந்த ரகம் அதில் இல்லை. அந்த ஆழ்ந்த ஊதா எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு மூட முடியவில்லை என்றால், முடியவில்லை என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். சொன்னால் இன்னொருவர் போய் மூடுவார். மூடாமல் விட்டுச் செடி கருகிவிட்டால், கருகியதை மறைக்க அதைப் பிடுங்காதீர்கள். கறுத்த தண்டையும் வெட்ட வேண்டாம், அது அடியில் இருக்கும் மொட்டுக்கு மறைவு. வேரைச் சுற்றிக் காய்ந்த தழையைக் குவித்து, மதியத்தில் அளவாகத் தண்ணீர் விட்டு, மார்ச் முடியும்வரை பொறுங்கள். அதன் பிறகு தண்டின் அடியில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அதற்கு மேலே மட்டும் வெட்டுங்கள்.